மடிச் சீட்டு

அந்தக் காலத்தில் கைக்குழந்தையோடு பஸ் ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தேனி பழைய பேருந்து நிலையத்தில் சீட்டுப் பிடிக்கத் துண்டு, குடை, மஞ்சப்பை என்று பல ஆயுதங்கள் இருந்தாலும், எல்லாவற்றையும் மிஞ்சிய ஆயுதம் கைக்குழந்தைதான். மதுரை பஸ் வந்து திரும்பி நிற்பதற்குள் படிக்கட்டில் கூட்டம் மொய்த்துவிடும். நாம் நேரே ஜன்னல் பக்கம் போய், எப்படியோ முந்தி ஏறி உட்கார்ந்துவிட்ட, முன்பின் பார்த்திராத ஓர் அம்மாவிடம், “அக்கா, புள்ளைய செத்தப் பிடிங்க” என்று பிள்ளையை உள்ளே நீட்டிவிட வேண்டும். அந்தக் கணத்திலிருந்து அந்த பஸ்ஸில் நமக்கு உறவு வந்துவிட்டது. அப்புறம் இடித்துப் பிடித்து நாம் உள்ளே போய்ச் சேரும்போது, பிள்ளை இரண்டு மடி தாண்டி மூன்றாவது மடியில் உட்கார்ந்து யாருடைய வெற்றிலைப் பையையோ சப்பிக்கொண்டிருக்கும். “ஒரு ஆளு உக்காரலாம்பா, நெருங்கி உக்காருங்க” என்று யாரோ நமக்காக வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

அல்லிநகரத்துக்காரனான எனக்குப் பெண் கொடுத்தது மதுரை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் முடிந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மனைவியையும் மகளையும் கூட்டிவர நான் போனது எண்பதுகளின் நடுவில். பாண்டியன் போக்குவரத்துக் கழகத்து பஸ் செக்கானூரணி, உசிலம்பட்டி என்று நின்று நின்று கிளம்பி, ஆண்டிபட்டிக் கணவாயில் முக்கி ஏறி, மறுபக்கம் இறங்கும்போது காற்று கொஞ்சம் குளிர்ந்து அடிக்கும். ‘நம்ம ஊர்க் காத்து’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். முன் சீட்டில் ஒருவர் பீடி இழுப்பார், பின் சீட்டில் ஒருவர் சுருட்டு, நடுவில் என் மகள். இதை எழுதும்போது எனக்கே பதறுகிறது, அன்று ஒருவருக்கும் பதறவில்லை. பஸ் என்றில்லை, அந்நாளில் ஆகாய விமானத்திலேயே சிகரெட் பிடிக்கலாம் என்று பிற்பாடு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நாங்கள் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை.

அந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது புகையல்ல, பேச்சு. பட்டப்படிப்பு படித்து, குழந்தை வளர்ப்பு பற்றி நூலகத்தில் ஒரு புத்தகமும் எடுத்து வாசித்திருந்த இளம் தகப்பன் நான். சுற்றியிருந்த ஆத்தாமார்களோ புத்தகம் எழுதக்கூடியவர்கள். “தலைக்கு என்னத்த தேச்சீக?” “உரமருந்து குடுக்குறீகளா இல்லையா?” “கன்னத்துல பொட்டு இன்னும் பெருசா வைக்கப்படாதா, ஊரு கண்ணு எப்பிடிப்பட்டது!” என்று ஆளுக்கொரு விசாரணை. ஒருத்தி மகளின் காலை நீவிவிட்டாள், ஒருத்தி கன்னத்தைக் கிள்ளி முத்தினாள், இன்னொருத்தி தன் மடியிலிருந்த சீனி மிட்டாயை எடுத்துக் கைக்குழந்தையின் வாயில் வைக்கப் போனாள். யாரும் யாரையும் தொடாமல், யாரும் யாருக்கும் யோசனை சொல்லாமல், அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொண்டு மரியாதையாகப் பயணம் போகிற காலம் இந்த நாட்டுக்கு வராதா என்று உசிலம்பட்டியிலிருந்து தேனிவரை ஏங்கிக்கொண்டே வந்தேன்.

வந்துவிட்டது. போன வருஷம் அந்த மகள், தன் ஐந்து மாதப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து சிங்கப்பூர் என்று விமானம் ஏறினாள். துணைக்கு நான். பேத்திக்கு அது முதல் விமானப் பயணம். சரியாகச் சொன்னால் முதல் பயணமே அதுதான். பஸ் ஏறியதில்லை, ரயில் பார்த்ததில்லை, நேரே ஆகாயம்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் பயணக் கதையும் நகராது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்குத் தண்டவாளம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். அந்த மீட்டர்கேஜ் ரயிலில்தான் என் மனைவி, தலைக்கு மேலே சாமான் வைக்கும் கம்பியில் பழைய நூல் சேலையை முடிந்து தூளி கட்டி மகளைப் போட்டாள். ரயில் தானே ஆட்டிக்கொள்ளும். ஆட்டுகிற வேலை மிச்சம். பிறகு 2010 டிசம்பர் கடைசியில், அகலப்பாதை போடுகிறோம் என்று அந்த ரயிலையும் நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூனில். ஆக, 2011-ல் அல்லிநகரத்தில் பிறந்த ஒரு பிள்ளை, சொந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலைப் பார்ப்பதற்கு முன்பு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்துவிட்டு வந்திருக்க முடியும். முன்னேற்றம் எங்கள் பக்கம் வரிசையாக வருவதில்லை. மூன்றாம் படி முதலில் வரும், முதல் படி பின்னால் மெதுவாக வரும்.

விமானம் ஏறப் பேத்திக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். அதற்குப் புகைப்படம். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தூக்கியிருப்பவர் கை தெரியக் கூடாது. கட்டிலில் என் வேட்டியை விரித்து அவளைக் கிடத்தினோம். கண் திறந்தால் வாய் திறக்கிறது. வாய் மூடினால் தூங்கிவிடுகிறாள். ஸ்டூடியோக்காரத் தம்பி கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினார், சிட்டிகை போட்டார், நாய் மாதிரி குரைத்தார். குரைத்ததற்குத்தான் பலன் கிடைத்தது. அந்தத் திகைத்த பொக்கை முகம்தான் ஐந்து வருஷத்துக்கு இந்திய அரசாங்கத்தின் கணக்கில் என் பேத்தி. பல் முளைத்து, சடை போட்டு, பள்ளிக்கூடம் போகிற வயசிலும் இதைக் காட்டித்தான் அவள் எல்லை தாண்ட வேண்டும்.

பஸ்ஸில் வயசு என்பது பேசி முடிவு செய்கிற விஷயமாக இருந்தது. மூன்று வயசு வரை டிக்கெட் இல்லை. 2022-ல் அதை ஐந்தாக உயர்த்தினார்கள். அந்நாளில் தாய் ‘ரெண்டரை’ என்பாள், கண்டக்டர் பிள்ளையை நிற்க வைத்துப் பார்த்து ‘நாலரை’ என்பார், கடைசியில் பிள்ளையே தான் ஒண்ணாப்பு படிப்பதாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கும். விமானத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வயசுக்குள் என்றால் மடி; அன்றைக்கு இரண்டு முடிந்துவிட்டால் தனி சீட்டு, தனிக் காசு. மடியில் உட்கார்வதற்கும் ஒரு கட்டணம் உண்டு என்பதுதான் எனக்குப் புதுசு. என் மகளின் மடி. அதில் என் பேத்தி. நடுவில் கம்பெனிக்குக் காசு. பெல்ட்டு மட்டும் அவளுக்கென்று தனியாகக் கொடுத்தார்கள்: தாயின் பெல்ட்டில் கோத்துக்கொள்கிற சின்னது.

மதுரை விமான நிலையத்தில், சம்பந்தி அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த பை சோதனை எந்திரத்தின் வாயில் போய் நின்றுவிட்டது. சீருடைப் பெண் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். காய்ச்சி ஆற்றிய தண்ணீர், பால் புட்டி, கிரைப் வாட்டர். நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாதென்ற சட்டம் பிள்ளைப் பாலுக்கு இல்லையாம். அதனால் அதெல்லாம் பிழைத்தது. அடுத்து வெள்ளிப் பாலாடை. வடக்கத்திப் பெண், அதன் மூக்கைத் தடவிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் அதைக் கையில் வாங்கி, பேத்தியின் வாய்ப் பக்கம் சாய்த்து ‘ம்ம்’ என்று காட்டினேன். சிரித்துவிட்டார். மஞ்சள் துணியில் முடிந்திருந்த வசம்பை மட்டும் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

குழந்தையோடு வருகிறவர்கள் முதலில் ஏறலாம் என்று அறிவித்தபோது என் தோள் தானாக இடிக்கத் தயாரானது, இடிக்க ஆளில்லை. சென்னையில் ஏறிய பெரிய விமானத்தில் முன்சுவரில் மாட்டுகிற தொட்டில் ஒன்று தந்தார்கள். அதற்கு எடைக் கணக்கு உண்டு, முன்பதிவு உண்டு. விமானம் குலுங்கினால் பிள்ளையை எழுப்பித் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டமும் உண்டு. குலுங்கினால்தான் தூங்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் அப்பத்தா கேட்டிருந்தால் எழுந்து சண்டைக்கே போயிருப்பாள். ஆனால் அந்த உயரத்தில் காற்றில்லாமல் நினைவு தங்குவது அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோதானாம். தாய் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் மாட்டுவது? சரியான யோசனைதான். மனசுக்குத்தான் ஒட்டவில்லை.

இறங்கத் தொடங்கியதும் பேத்தி வீறிட்டாள். காரணம் எங்கள் மலைப்பக்கத்தாருக்குத் தெரிந்ததுதான். விமானத்துக்குள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலைக்குச் சமமாக வைத்திருப்பார்கள். அதாவது நாம் எல்லாரும் மணிக்கணக்கில் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறோம். கீழே வர வர அழுத்தம் கூடி, காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாய் அடைத்துக்கொள்கிறது. குழந்தைக்கு அது இன்னும் ஒடுக்கம். விழுங்கினால் திறக்கும். பெரியவர்கள் கொட்டாவி விடலாம். குழந்தைக்குப் பால்தான் வழி. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத்து ஜீப் இறங்கும்போது, ஒரு தாயின் மடிப்பிள்ளை அழுதால் வண்டியே சேர்ந்து சொல்லும்: “ஏத்தா, புள்ளைக்குக் காதடைக்குது, பாலக் குடு.” அவர்களில் யாரும் காற்றழுத்தம் படித்தவர்களில்லை.

இங்கே யாரும் சொல்லவில்லை. பக்கத்து வரிசை இளைஞர் எங்களைப் பார்த்து நாகரிகமாகப் புன்னகைத்துவிட்டு, காதில் வெளிச்சத்தம் கேட்காத கருவியை மாட்டிக்கொண்டார். முன்னால் இருந்த அம்மாளும் அப்படியே. யாரும் முறைக்கவில்லை, யாரும் கிள்ளவில்லை, உரமருந்து பற்றி ஒரு கேள்வியில்லை. எண்பதுகளில் உசிலம்பட்டி தாண்டி நான் கேட்ட வரம் அட்சரம் பிசகாமல் கிடைத்திருக்கிறது. கிடைத்த இடத்தில் எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கடைசியில் நானே மகளிடம் மெல்ல, “பாலக் குடும்மா, காதடைக்குது” என்றேன். “தெரியும்ப்பா, செல்லுல படிச்சிட்டுத்தான் வந்தேன்” என்றாள், நூலகப் புத்தகம் படித்த அதே குரலில்.

அவளையும் குறை சொல்ல முடியாது. பேத்தி வளர்ந்து தன் பிள்ளையோடு எதில் ஏறிப் போவாளோ, அதில் பிள்ளையின் அழுகை பக்கத்து ஆளுக்குக் கேட்காதபடி ஏதாவது செய்துவிடுவார்கள். அப்போது யாராவது ஒரு கிழவர் உட்கார்ந்து எழுதுவார்: அந்தக் காலத்து விமானத்தில் முழங்கால் இடிக்க இடிக்க ஒட்டி உட்கார்ந்து போவோம், ஒரு பிள்ளை அழுதால் எல்லாருக்கும் கேட்கும், காதில் கருவி மாட்டிக்கொள்வதற்கு முன்னால் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரிப்பார்கள், அந்த ஒட்டுறவெல்லாம் இனி வருமா என்று.