கூத்தாடப் போறியோ, கூத்துப் பழக்கப் போறியோ?

பிள்ளை, லண்டனில ஒரு பள்ளிக்கூடம் உன்னை நாடக ரீச்சர் பயிற்சிக்கு இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கு எண்டு கொம்மா சொன்னா. சொல்லிப்போட்டு, “பௌதிகம் படிப்பிக்கப் போயிருந்தால் எவ்வளவு நல்லம்” எண்டு ஒரு பெருமூச்சும் விட்டா. அவவைக் கோவிக்காதை, அவ கணக்குத் தெரிஞ்ச மனிசி. 2025 இல பயிற்சி தொடங்கினவையில கணிதம், பௌதிகம், இரசாயனம், கணினி படிப்பிக்கப் போறவைக்கு இங்கிலாந்து அரசாங்கம் 29,000 பவுண் உதவிப்பணம் அறிவிச்சது. நாடகத்துக்கு ஒரு சதமும் இல்லை. அந்த வருசப் பயிற்சிக் கட்டணம் 9,535 பவுண் மட்டில இருந்தது, கட்டணத்துக்கும் நீயே கடன்படவேணும். ஆனபடியால் காசுக்கு ஆசைப்பட்டு வந்தனி எண்டு அங்கை ஒருத்தரும் உன்னைச் சந்தேகப்படமாட்டினம். உனக்கிருக்கிற முதல் பலம் உதுதான்.

நீ போற பாடத்தின்ர நிலைவரத்தையும் தெரிஞ்சுகொண்டு போ. தேசிய பாடத்திட்டத்தில நாடகத்துக்குத் தனிவீடு கிடையாது. ஆங்கிலத்தின்ர விறாந்தையில பாய் போட்டுப் படுத்திருக்கு. 2010 இல ‘ஈபாக்’ எண்டு ஒரு அளவுகோல் கொண்டுவந்தவை. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், ஒரு வேற்றுமொழி, வரலாறு இல்லாட்டிப் புவியியல். இதுகளில பிள்ளையள் எப்பிடிச் செய்யினம் எண்டுதான் பள்ளிக்கூடத்தை நிறுத்தது. நாடகம் தராசிலயே ஏறேல்லை. 2025 நவம்பரில அந்த அளவுகோலைக் கைவிடப்போறம் எண்டு அரசாங்கம் சொன்னது. சொன்னதைச் செய்து முடிக்கும்வரைக்கும் நீ வாயைத் திறந்து கொண்டாடாதை. இன்ரவியூவில “நாடகம் எதுக்கு?” எண்டு கேட்டால் “தன்னம்பிக்கை வளரும்” எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. உனக்கு முதல் வந்தவையும் அதைத்தான் சொல்லியிருப்பினம், கேட்டுக்கொண்டிருக்கிற அதிபருக்குக் கொட்டாவி வரும். ஒரு வகுப்பில ஒரு பிள்ளை வாய் திறந்த கதை உன்னட்டை இருந்தால் அதைச் சொல்லு. இல்லாட்டி இண்டைக்கே போய் எந்தப் பள்ளிக்கூடத்திலயாவது ரெண்டு வகுப்பைப் பின்வாங்கில இருந்து பார்த்திட்டு வா.

சரி, இனிப் புத்திமதிக்கு வருவம். நல்லா நடி பிள்ளை. வாசல்ல ஏறேக்குள்ளயே தொடங்கு. கறுப்பு உடுப்பைப் போடு, கழுத்தில ஒரு நீளத் துண்டைச் சுத்து, ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு கதை. கேட்ட கேள்விக்கெல்லாம் குரலை ஏத்தி இறக்கு. ஷேக்ஸ்பியரில நாலு வரியை ஒருத்தரும் கேளாமலே எடுத்து விடு. அங்கை வாற ஆக்களில பாதிப்பேர் உப்பிடித்தான் செய்யினம். அந்தப் பாதிப்பேரைத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே நன்றி சொல்லி வீட்டை அனுப்பிவிடுகினம்.

எங்கட ஊரில காத்தவராயன் கூத்துப் பழக்கின அண்ணாவியாரை நீ கண்டிருந்தால் எனக்கு இவ்வளவு தொண்டை காயாது. மனிசன் களரியின்ர ஒரு கரையில நிண்டு தாளம் போடுவார். காத்தான் அடுத்த அடியை மறந்து முழுசினால் மெல்லமா எடுத்துக் குடுப்பார். ஆட்டம் பிழைச்சால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். விடியவிடியச் சனம் காத்தானைப் பார்த்தது, காத்தான் அண்ணாவியாரைப் பார்த்தான். உன்னை அந்தப் பள்ளிக்கூடம் தேடுறது கரையில நிக்கிற அந்த வேலைக்குத்தான். நடுக்களரி உனக்கில்லை. அது பிள்ளையளுக்கு.

இன்ரவியூ அண்டைக்குக் காலமை உன்னை ஒரு 13 வயசுப் பெட்டை பள்ளிக்கூடம் சுத்திக் காட்டக் கூட்டிக்கொண்டு போவாள். அவளைச் சின்னப்பிள்ளை எண்டு நினைச்சு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நட. பின்னேரம் அவளிட்டை “வந்த ஆக்கள் எப்பிடி?” எண்டு கேப்பினம். அவளுக்கு உன்னைப்பற்றிப் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை. வாசலில பேர் பதியிற மனிசிக்கும் வடிவாக் காலமை வணக்கம் சொல்லு. அவவின்ர வாயால ஒரு சொல் உள்ளுக்கை போச்செண்டால் உன்ர பட்டத்தை ஆரும் பார்க்கமாட்டினம்.

பேந்து உனக்கு ஒரு 20 நிமிசம் மட்டில ஒரு வகுப்பைத் தருவினம். மேசை இல்லை, வாங்கில்லை, வெறும் நிலத்தில 30 பிள்ளையள். அதுகளுக்கு அது ஓய்வுப் பாடவேளை மாதிரித்தான் தெரியும். நீ ‘சிப் சாப் பொயிங்’ எண்டு வட்டமாய் நிண்டு விளையாடுற விளையாட்டோட தொடங்குவாய், எனக்குத் தெரியும். உனக்கு முதல் வந்த ஆளும் அதைத்தான் விளையாடினது. அதுக்கு முதல் வந்த ஆளும் அதுதான். பிள்ளையள் உன்னைப் பாவம் பார்த்து இன்னொருக்கா விளையாடுங்கள். தாய் பெத்த பிள்ளையள்.

அதை விட்டிட்டு ஒரு கதையின்ர கழுத்தைப் பிடி. வில்லி ரசலின்ர ‘பிளட் பிரதர்ஸ்’ இருக்கு. 1983 இல லிவர்பூலில மேடையேறின நாடகம், ஜி.சி.எஸ்.ஈ. சோதினைக்குப் படிக்கிற பிள்ளையள் கனபேருக்குத் தெரிஞ்சது. வறுமைப்பட்ட தாய், ரெட்டைப் பிள்ளையளில ஒண்டைத் தான் வேலை செய்யிற வீட்டு எசமானிக்குக் குடுக்கிறாள். அந்தப் பிள்ளை கைமாறுற நொடியை மட்டும் எடு. மூண்டு மூண்டு பேராப் பிரிச்சு, அசையாத ஒரு காட்சியா நிக்கச் சொல்லு. பேந்து ஒவ்வொருத்தரின்ர தோளையும் தொட்டு, “இப்ப உன்ர மனதில என்ன ஓடுது?” எண்டு கேள். பாதிப்பேர் காட்ட மற்றப் பாதி பார்க்கட்டும். பார்த்தவையிட்டை ஒரே ஒரு கேள்வி: “ஆற்ற கையைப் பார்த்தனீங்கள்?” நீ கதைச்சது மொத்தமா நாலு நிமிசத்துக்கு மேல போனால் கூடிப்போச்சு. எங்கட குடும்பத்தில பிறந்த உனக்கு அதுதான் கஷ்டமான சோதினை.

சத்தம் கூடினால் நீயும் கத்தாதை. “மூண்டு, ரெண்டு, ஒண்டு” எண்டு எண்ணி, கையை உயர்த்திப்போட்டு நில். எண்ணத் தொடங்கினால் ஒண்டில நிறுத்து. ஒண்டுக்குப் பிறகு ஒண்டரை எண்டு எண்ணின ரீச்சரைப் பிள்ளையள் வருசக் கடைசி வரைக்கும் வித்துப்போடுங்கள்.

பாடம் முடிஞ்ச உடன “எப்பிடிப் போச்சு?” எண்டு கேப்பினம். “மிகத் திறம்” எண்டு சொன்னியெண்டால் கதை முடிஞ்சுது. “ரெண்டாவது குழுவுக்கு நேரம் காணாமல் போச்சு, திரும்பச் செய்தால் தொடக்கத்தைச் சுருக்குவன்” எண்டு சொல்லு. பயிற்சிக்கு ஆள் எடுக்கிறவை முழுசா விளைஞ்ச ரீச்சரைத் தேடேல்லை, சொன்னால் திருந்துற ஆளைத்தான் தேடினம். தன்ர குறையைத் தானே சொல்லுற பழக்கம் உன்ர அப்பர் பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை. கொம்மா பக்கத்திலயும் தேடிப் பார்த்தனான். நீயாவது தொடங்கி வை.

மேசைக்கு முன்னால இருத்திக் கேள்வி கேக்கேக்குள்ள ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ற், போவால் எண்டு நாடகப் பெரியவையின்ர பேர்களை அடுக்காதை. ஒரு பேரை எடுத்தால் அதை வைச்சு வகுப்பில என்ன செய்வாய் எண்டு சொல்லத் தெரியவேணும். டொறத்தி ஹீத்கோட் எண்டு ஒரு மனிசி, 1926 இல யோர்க்ஷயரில பிறந்தவ. 14 வயசில பள்ளிக்கூடத்தை விட்டிட்டு ஆலையில தறிக்குப் போனவ. பிறகு நியூகாசில் பல்கலைக்கழகத்தில இருந்து ரீச்சர்மாருக்கே நாடகம் படிப்பிச்சவ. ரீச்சரும் ஒரு பாத்திரமாக் கதைக்குள்ள இறங்கவேணும், ஆனால் விசயம் தெரிஞ்ச ஆக்கள் பிள்ளையளாத்தான் இருக்கவேணும் எண்டது அவவின்ர வழி. ரீச்சர் ஒண்டும் தெரியாத ஆளா நிண்டு பிள்ளையளிட்டை உதவி கேக்கிறது. உனக்கு அந்தப் பாத்திரத்துக்கு ஒத்திகையே தேவைப்படாது பிள்ளை.

உன்ர ஊரைப்பற்றியும் கேப்பினம். “என்ர தாத்தா பெரிய கூத்துக்காரர்” எண்டு புளுகாதை. நான் களரியில தீவட்டி பிடிச்சவன். சொல்ல வேறை நல்ல சங்கதி இருக்கு. 1960களில பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு நாட்டுக்கூத்தைப் புதுக்கி மேடையேத்தினவர், ‘இராவணேசன்’ அதில ஒண்டு. 1978 இல குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினவர், பிள்ளையளுக்கெண்டே நாடகம் எழுதினவர். இதுகளில எதையாவது அவையின்ர எட்டாம் ஆண்டுப் பிள்ளையளோட எப்பிடிச் செய்வாய் எண்டு சொல்லு. வட்டக்களரியில நாலு பக்கமும் சனம் இருக்கும், பாட்டுக்குப் பிற்பாட்டு இருக்கும், வெக்கப்படுற பிள்ளை பிற்பாட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு பாடலாம். அது அவைக்கு உடன விளங்கும்.

இப்ப பகிடியை ஒரு பக்கம் வைச்சிட்டுக் கேள். பிள்ளையளின்ர பாதுகாப்பைப்பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும். நாடக வகுப்பில பிள்ளையள் கற்பனை எண்டு சொல்லி வீட்டில நடக்கிறதை எடுத்து வைக்குங்கள். ஒரு பிள்ளை வந்து, “ரீச்சர், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” எண்டு ஒரு சங்கதி தொடங்கினால், சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணாதை. பொறுமையாக் கேள், துருவித் துருவிக் கேக்காதை, பிள்ளை சொன்ன சொல்லிலயே எழுதி வை. அண்டைக்கே பள்ளிக்கூடத்தில பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளிட்டைக் குடு. அரசாங்க வழிகாட்டி சொல்லுறதும் இதுதான். இந்தக் கேள்வியில தடுமாறினால் மற்றதெல்லாம் திறமாச் செய்தும் பிரயோசனமில்லை.

குழப்படிக்காரரைப்பற்றிக் கேட்டால் உன்ர வீரத்தைக் காட்டாதை. “உங்கட பள்ளிக்கூடத்து ஒழுங்குமுறைப்படி” எண்டு தொடங்கு. அது அவையின்ர இணையத்தளத்தில கிடக்கு, முதல் நாள் இரவு வாசி. வாசிக்காமல் அப்பிடித் தொடங்கினால் அடுத்த கேள்வி “அது என்ன சொல்லுது?” எண்டுதான் வரும்.

கடைசியில உன்னைக் கேள்வி கேக்கச் சொல்லுவினம். லீவு எத்தினை நாள் எண்டு கேக்காதை, அது கொப்பர் கேக்கிற கேள்வி. எனக்கு வழிகாட்ட எந்த ரீச்சர் இருப்பா, கிழமையில எவ்வளவு நேரம் தருவா எண்டு கேள். பயிற்சியில ஆகக் குறைஞ்சது 120 நாள் பள்ளிக்கூடத்தில நிக்கவேணும், ரெண்டு பள்ளிக்கூடம் பார்க்கவேணும். ரெண்டாவது எது எண்டு கேள். நாடகம் படிப்பிக்கிற மண்டபத்திலதான் மத்தியானம் சாப்பாடும் குடுக்கினமோ எண்டும் கேள். குடுக்கினமெண்டால் உன்ர வகுப்புக்குத் தும்புத்தடியும் நீதான் கொண்டுபோகவேணும்.

ஆங்கிலத்திலயும் கணக்கிலயும் ஜி.சி.எஸ்.ஈ. 4 ஆம் தரத்துக்குக் குறையாத பத்திரங்களை எடுத்து வை, கணக்குப் பத்திரத்தைக் கொம்மாவுக்குக் காட்டாமல் வை. இன்னொண்டு: ஒரே நேரத்தில 4 விண்ணப்பம் போடலாம். நீ ஒண்டுதான் போட்டிருக்கிறாய். மிச்ச மூண்டையும் இண்டைக்கு இரவே போட்டு முடி.