மூன்று ‘ஓ’வும் ஒரு சாணும்

பிரிஞ்சாங் மலைக் குளிருக்குத் தேநீர்தான் போர்வை. நாளுக்கு எட்டுக் குவளை போர்த்திக்கொண்டதில் நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஈப்போவுக்குப் போய் ஓ.ஜி.டி.எஸ். எடுத்துடுங்க” என்றார். கேட்க ஏதோ அரசியல் கட்சி மாதிரி சாதுவாகத்தான் இருந்தது. கடிதத்தைப் பிரித்தால் முழுப்பெயர்: ஈசோஃபேகோகாஸ்ட்ரோடுவோடினோஸ்கோபி. ஆங்கிலத்தில் 27 எழுத்து. மலையிறங்கும் சிம்பாங் பூலாய் சாலைக்குத் தங்கச்சி.

தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? பேனாவை எடுத்துப் பதம் பிரித்தேன். கடைசியில் நிற்கும் ‘ஸ்கோபி’, பார்த்தல். ‘ஈசோஃபேகஸ்’, சோற்றைச் சுமந்து போவது, உணவுக்குழாய். ‘காஸ்டர்’, வயிறு. எல்லாம் கிரேக்கம். சரி, நடுநடுவே வாயைப் பிளக்கும் அந்த மூன்று ‘ஓ’? பொருளே கிடையாது. ‘நடந்தனன்’ என்பதில் முதல் ‘அன்’ என்ன வேலை செய்கிறது? நன்னூலார் அதைச் சாரியை என்பார். இரண்டு பேரை ஒட்டவைக்கக் கல்யாண வீட்டில் குறுக்கும் நெடுக்கும் அலைகிற சித்தப்பா. கிரேக்கர் வீட்டிலும் அவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

மீதி, டுவோடினம். சிறுகுடலின் முதல் துண்டு. லத்தீனில் அதற்குள் ஒளிந்திருப்பது பன்னிரண்டு என்கிற எண். சுமார் 2300 வருடங்களுக்கு முன் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் என்கிற மருத்துவர், பன்னிரண்டு விரல் அகல நீளம் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

சோதனைக்கு முந்தைய இரவு அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கை. கட்டைவிரல் ஓரத்தில் கறுப்பு ஏறிய வெடிப்புகள் இன்னும் மூடவில்லை. மேசை விளிம்பில் நாலு விரலைச் சேர்த்து வைத்தார். அதையடுத்து இன்னொரு நாலு. மறுபடியும் நாலு. பிறகு அதே இடத்தில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“சாண்டா இது! ஒரு சாண் வயித்தப் பாக்கறதுக்கா இம்மாம் பெரிய பேரு?”

எனக்கு வாயடைத்துவிட்டது. பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடுதான்.

“அதெல்லாம் இருக்கட்டும், ராத்திரி பன்னெண்டுக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, படிச்சியா?”

கடிகாரம் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. அம்மா தன் குவளையை எடுத்து ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.