மாவு இருக்கு, தர மாட்டேன்

போன வாரம் ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை என் சகலை. ரசம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "என்ன சகலை, அந்த மாவுக் கடையை இன்னும் போடலையா? துணிஞ்சவனுக்குத் துக்கமில்லை. ரிஸ்க் எடுக்கணும்!" மோர் வாளியோடு நின்ற பையன்கூட என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பாயசம் இறங்கவில்லை.

சகலை 2003 ஏப்ரலுக்கு முன்னால் அரசு வேலையில் சேர்ந்தவர். பழைய பென்ஷன். அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் அவர் வீட்டில் கேசரி. வாழ்க்கையில் அவர் எடுத்த ஆகப் பெரிய ரிஸ்க், முன்பதிவில்லாமல் வைகை எக்ஸ்பிரஸில் ஏறியதுதான். அதிலும் திண்டுக்கல்லில் உட்கார இடம் கிடைத்துவிட்டது.

ரிஸ்க் எடுக்கச் சொல்கிறவர்கள் எல்லோருமே இந்த வகைதான். பென்ஷன்காரர், இல்லையென்றால் மாமனார் கட்டடத்தில் வாடகையில்லாமல் கடை போட்டவர். பேச்சு சூடு பிடித்ததும் தவறாமல் சி.கே. ரங்கநாதனை இழுப்பார்கள். 1983இல் 15,000 ரூபாயில் தொடங்கி சிக் ஷாம்பூ விற்றாராம். உண்மைதான். ஆனால் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கும் வித்தையை அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் முன்பே செய்து காட்டியிருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். என் அப்பா எனக்குச் செய்து காட்டியது, வெளியே கிளம்பும் முன் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது.

அந்த வித்தையில் நான் தேர்ந்தவன். வங்கி திவாலானால் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு, அதுவும் வட்டியைச் சேர்த்து. ஆகவே எந்த வங்கியிலும் அசலும் வட்டியும் கூடி அந்தக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். தொடுகிற அளவுக்குப் பணம் இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்காக எனக்குத் தொழில் ஆசை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பயந்த சுபாவக்காரன் எப்படித் தொழில் தொடங்க வேண்டும் என்பதற்கு அருமையான வழி ஒன்று வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் 273 என்று ஒரு விஷயம் இருக்கிறது, அதை முடித்துவிடலாம்.

கடை ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். அது சின்னக் கவலை. கிரைண்டரை விற்றுவிடலாம், மாவை நாமே தோசை ஊற்றித் தின்றுவிடலாம். ஓடிவிட்டால்? பொருள் விற்கிறவனுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. பிறகு ரிட்டர்ன், ஆடிட்டர், நோட்டீஸ். கிலோ பாக்கெட் 40 ரூபாய் என்று வையுங்கள். 40 லட்சத்துக்கு ஒரு லட்சம் பாக்கெட். தினம் 274 விற்றால் வருஷக் கடைசியில் 400 ரூபாய் தாண்டிவிடுகிறது. 273 என்றால் தப்பித்தேன்.

ஆக, 274ஆவது ஆள் வருகிறார்.

"அண்ணே, மாவு இருக்கா?"

"இருக்கு. தர மாட்டேன்."

"அந்தா வச்சிருக்கீங்களே!"

"அது நாளைக் கணக்கு."

அவர் தெருவில் போய்ச் சொல்லுவார். அந்த ஆள் திமிர் பிடித்தவன், ஆனால் மாவு அவ்வளவு கிராக்கி என்று. மறுநாள் வாசலில் 400 பேர். டோக்கன் போட வேண்டும். டோக்கன் கள்ள மார்க்கெட்டுக்குப் போகும். கவுன்சிலர் ஆளனுப்பி, தலைவர் வீட்டுக்குத் தினம் இரண்டு பாக்கெட் எடுத்து வைக்கச் சொல்வார். ஓசிதான், ஆனால் அது விற்பனையில் சேருமா, சேராதா? இதை யாரிடம் கேட்பது? ஆடிட்டரிடம். எந்த ஆடிட்டர் வேண்டாம் என்றுதான் 273 போட்டேனோ அதே ஆடிட்டர்! பொங்கலன்று ஒருநாள் கடையை மூடினால் மற்ற நாளெல்லாம் 274 விற்கலாம் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். 273இல் லீப் வருஷமும் தாங்குகிறது. போட்டுப் பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் பந்தியில் சொன்னால் சிரிக்கிறார்கள். "முதல்ல ஒரு பாக்கெட்டை வித்துக் காட்டுய்யா" என்கிறார் சகலை. ஒரு பாக்கெட் விற்க யாரால் முடியாது? அடமானமில்லாமல் முத்ரா கடன் கிடைக்கிறது, உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, எல்லாம் எனக்கும் தெரியும். தொழில் நொடித்துப் போனவனைப் பற்றி இதே பந்தியில் "அப்பவே சொன்னேன், கேட்டானா?" என்று ஊறுகாய் தொட்டுக்கொள்வதும் இதே வாய்தான் என்பதும் தெரியும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது இவர்களில் ஒருவர் பென்ஷன் புத்தகத்தோடு வரட்டும். அப்புறம் பேசலாம்.

இன்று காலை தெருமுனைக் கடையில் பாக்கெட்டை 45 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். மொத்தக் கணக்கும் போச்சு. புதிதாகப் போட்டால் தினம் 243 வருகிறது. சாதாரண வருஷத்துக்குச் சரி, லீப் வருஷத்தில் 2,210 ரூபாய் உதைக்கிறது. அதனால் 2028 பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை. வாடிக்கையாளர்கள் திங்கள் இரவே மாவு வாங்கி வைத்துக்கொள்ளவும்.