மோனாலிசா ரொம்பச் சின்னது சார்!

ஓவியக் கூடத்துக்குச் சந்தா கட்டிவருகிறவர்களைப் போன சனிக்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். கண்காட்சியைச் சுற்றிக்காட்டி விளக்கம், பிறகு தேநீர், அளவளாவல்.  அங்கே நடந்த ஒன்றைக் கொட்டிவிடுகிறேன்.

நாலாவது படத்தின் முன் நின்றோம். ஓவியர் வண்ணத்தை ஏன் இப்படித் தடிமனாக அப்பியிருக்கிறார் என்று விளக்கம் சொல்லும் பெண் ஆரம்பித்தார். நாங்களும் கையைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து, 'ம்ம்' கொட்டினோம். அப்போது கதர் ஜிப்பாக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"கேள்வின்னு இல்லம்மா. லூவ்ர்ல மோனாலிசாவைப் பார்த்தேன். ரொம்பச் சின்னது!"

கூட்டத்தில் பாதிப் பேருக்கு உயிர் வந்துவிட்டது. "ஆமா சார், இத்தனூண்டு!" என்று ஒரு மேடம் கையால் அளவு காட்டினார். இன்னொருவர் அதிலும் பாதியாகக் குறைத்தார். அந்தப் படம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பாரிஸ் போய்வந்தவர்கள் வாயில் அகப்பட்டு அது வருஷா வருஷம் சுருங்குகிறது. என் பேத்தி காலத்தில் தபால்தலை ஆகிவிடும்.

அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததுதானே? கண்ணாடிக்குள் வைத்திருக்கிறான், கூட்டம் தாங்கவில்லை, நிற்கவிடாமல் விரட்டுகிறான். அந்த அம்மாளின் சிரிப்பைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. டிக்கெட், விசா, ஓட்டல் எல்லாம் போட்டு, சதுர அடி என்ன விலை விழுந்தது என்று கணக்குப் பார்க்கிறார்கள். மனை வாங்கிப் பழகிய ஜனம்.

சரி, பெரிய படம்தான் வேண்டுமா? அதே அறையில் எதிர்ச்சுவர் முழுக்க, ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்கு, வெரோனேசே 1563-இல் வரைந்து முடித்த 'கானாவூர்க் கல்யாணம்' இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட விருந்தாளிகள், பந்தி, கச்சேரி, சகலமும் உண்டு. கல்யாணப் பந்திக்கு முதுகைக் காட்டி நிற்கும் தமிழர்களை உலகத்திலேயே அந்த ஓர் அறையில்தான் காணலாம்.

இதைச் சொன்னேன். "நீங்க எப்ப போனீங்க?" என்றார் ஜிப்பா. போனதில்லை. வெறும் பொறாமை என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். பாரிஸ்காரச் சிற்பி ரோதான் நம் எழும்பூர் அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரை வெறும் போட்டோவில் பார்த்தே உருகி உருகி எழுதினார். அவர் காலமான பிறகு, 1921-இல், அது அச்சில் வந்தது. எழும்பூருக்கு நம்மவர்கள் பஸ்ஸிலேயே போகலாம்.

"நீங்க எழும்பூர் போயிருக்கீங்களா சார்?"

"ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. அந்தத் திமிங்கில எலும்புக்கூடு இருக்கே, அம்மாடி, எவ்வளவு பெருசு!"

அதற்குள் சமோசா வந்துவிட்டது. தடிமனாக அப்பிய காரணம் அந்தப் பெண்ணோடே போயிற்று.

அடுத்த மாதம் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் உண்டாக்கிய ஓவியர் கிராமம். எல்லோரும் ஒரே வேனில் போகிறோம். எனக்குப் பக்கத்து சீட் ஜிப்பாவுக்கு. வழியெல்லாம் லண்டன் மியூசியத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.