நட்சத்திரமும் நாய்க்குட்டியும்

கேள்வி: சினிமா ஸ்டில்ஸ் எடுத்தவர், நாய்களைப் படம்பிடிக்கக் கிளம்பினால் அது இறக்கம்தானே?

பதில்: இறக்கம்தான், ஆனால் கேமராவுக்கு மட்டும்!

புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட்டின் கேமரா, நாயின் கண்மட்டத்துக்கே இறங்கியது. 1974-இல் நியூயார்க்கில் அவர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். தொப்பி போட்ட குட்டி சிவாவா நாய். பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ். அதற்கும் அப்பால் நெடுநெடுவென இரண்டு கால்கள். அவை கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள் என்று புரிய ஒரு நொடி ஆகும். கதாநாயகன் சிவாவாதான்! அந்த அம்மாவுக்குத் துணை வேடம், அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும். எனக்கு அலுக்காத படம்.

மர்லின் மன்றோவின் வெள்ளை உடை காற்றில் பறந்த 1954 படப்பிடிப்பிலும் இதே மனிதர் இருந்தார். 1960-இல் ‘தி மிஸ்ஃபிட்ஸ்’ படத்துக்காக மன்றோ, கிளார்க் கேபிள், இயக்குநர் ஜான் ஹூஸ்டன், கதை எழுதிய ஆர்தர் மில்லர் என எல்லோரையும் ஒரே பிரேமுக்குள் கொண்டுவந்தார். மன்றோவும் கேபிளும் நடித்து முடித்த கடைசிப் படம் அது. அந்த ஸ்டில் இன்று வரலாறு.

1998-இல் நாய்ப் படங்களுக்கென்றே ‘டாக் டாக்ஸ்’ என்ற புத்தகம் போட்டார். சினிமா படப்பிடிப்பில் என்றால், ஸ்டில்ஸ்காரர் டேக் ஓடும்போது மூச்சுக் காட்டக் கூடாது. ஷட்டர் சத்தம்கூட ஒலிப்பதிவில் விழக் கூடாது. நாய்களிடம் அந்தக் கட்டுப்பாடு ஏது? எர்விட் அவற்றைப் பார்த்துக் குரைப்பார். நாய் துள்ளும், இவர் கிளிக் செய்வார். கிளார்க் கேபிளிடம் குரைக்க முடியுமா?