பத்து மணிக்கு உள்ளூர்க்காரர்

எந்த ஊருக்குப் போனாலும் அண்ணாச்சி முதல் ஒரு மணி நேரம்தான் வெளியூர்க்காரர். அதற்குப் பிறகு அந்த ஊர் ஆட்டோக்காரருக்கே வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார். கலிபோர்னியாவில் ஆட்டோ கிடையாது. அந்தக் குறையைத் தூண்டில்காரர்களை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிக் கணினி வேலை பார்க்கும் நம்மவர்களில் இந்த வகை கொஞ்சம் பெருகியிருக்கிறது. வாரநாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்குச் சனிக்கிழமை தண்ணீர் வேண்டும். படகு கிடையாது, படகுக்காரர்கள் மீது மரியாதையும் கிடையாது. "கரையில நின்னு பிடிக்கவன்தான்வே மீன் பிடிக்கவன். படகுல போறவன் மீனை வெரட்டுதவன்" என்பது அண்ணாச்சியின் கட்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சீலாவும் விளைமீனும் தின்று வளர்ந்த நாக்கு. இங்கே ஏரியில் பிடிக்கும் ட்ரவுட் மீனை வாயில் வைத்ததும் "உப்பு எங்கவே?" என்று கேட்டவர்தான். ஆனால் பிடிப்பது வேறு, தின்பது வேறு.

போன மார்ச்சில் சபோ ஏரிக்குப் போனோம். ஓக்லாந்துக்குத் தெற்கே, குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் நீர்த்தேக்கம். அண்ணாச்சி அதுவரை அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் முந்தின ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருந்தார். காரில் ஏறியதும் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆண்டனி சபோ என்பவர் 1870களில் கட்டிய மண் அணை அது. மண்ணை இறுக்குவதற்குக் காட்டுக் குதிரைகளைக் கூட்டமாக அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டி மிதிக்க வைத்தார்களாம். அந்தக் குதிரைகளில் இரண்டை அண்ணாச்சியே பிடித்துக் கொடுத்தவர் போலத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த செய்தியைச் சொல்லும்போது காரின் வேகமே குறைந்துவிட்டது. ரெயின்போ ட்ரவுட் என்று உலகமெல்லாம் வளர்க்கிறார்களே, அதற்கு அறிவியலில் அந்த 'வானவில்' பெயரை 1855இல் கிப்பன்ஸ் என்பவர் வைத்தார். அவர் கையில் இருந்தது இந்தச் சான் லியாண்ட்ரோ ஓடையின் மீன். அந்த ஓடையைத் தடுத்துக் கட்டியதுதான் இந்த ஏரி. இப்போது ஏரியில் பிடிக்கிற ட்ரவுட்டெல்லாம் பெரும்பாலும் பண்ணையில் பொரித்து, தீனி போட்டு வளர்த்து, லாரித் தொட்டியில் கொண்டுவந்து விடுவது.

"சொந்த ஊருக்கு லாரில வருது பாத்தீரா!"

தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டிலிருந்து நாம் போன மாதிரிதான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வரலாறு பேசும்போது குறுக்கே பேசக்கூடாது.

ஏரிக்கரையில் இறங்கியதும் அண்ணாச்சி தூண்டிலை எடுக்கவில்லை. மாநில லைசென்ஸ், பூங்காவின் அன்றைய அனுமதிச் சீட்டு இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பால் காய்ச்சும்போது சூடு பார்க்கும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினார். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர்தான் ஒத்துக்கொள்ளும். 10 முதல் 16 டிகிரி இருந்தால் சுகமாகக் கரையோரம் மேயும். கோடையில் மேல்தண்ணீர் சூடானதும் ஆழத்துக்கு இறங்கிவிடும், கரையில் நிற்பவன் கொசுவைத்தான் பிடிக்கலாம். வெப்பமானி 13 காட்டியது. அண்ணாச்சி தலையை ஆட்டினார், தன் உத்தரவுப்படி தண்ணீர் நடந்துகொண்டதுபோல.

பிறகுதான் உண்மையான ஆராய்ச்சி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உலாவ வந்தவர் போலக் கரையோரம் நடந்தார். ஒவ்வொரு மடக்கு நாற்காலியிடமும் ஒரு குட்மார்னிங். கண் மட்டும் வாளியில். ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் நின்று, "எப்படிக் கொத்துது?" என்று கேட்டார்.

"ஸ்லோ" என்றார் பெரியவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவர் நாற்காலிக் காலிலிருந்து தண்ணீருக்குள் போன கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதில் நான்கு மீன். சட்டம் அனுமதிப்பது ஐந்து.

அண்ணாச்சி கயிற்றைப் பார்த்தும் பார்க்காதவர்போல வந்துவிட்டார். "பேண்டைப் பாத்தீரா? முட்டிக்கு மேல பச்சை மாவு. பூண்டு வாசம். முள்ளு சின்னது. ஓட்டை போட்ட ஈயக்குண்டு. குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவுல முழ நீளம்." பண்ணை மீன் குருணைத் தீனியில் வளர்ந்தது; பிசைந்த மாவு வாசனைக்கு மயங்கும். அந்த மாவு மிதக்கும் சாதி. ஈயம் அடியில் கிடக்க, முள் மட்டும் பாசிக்கு மேலே எழும்பி மீனின் வாய் உயரத்தில் நிற்கும். நரம்பு குண்டின் ஓட்டைக்குள் தாராளமாக ஓடுவதால், இழுக்கிற மீனுக்குப் பாரம் தெரியாது. இத்தனையையும் அவர் ஒருவருடைய பேண்டிலிருந்து படித்துவிட்டார். அலுவலகத்தில் இவர் ஏன் இன்னும் மேனேஜர் ஆகவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

அதே போலக் கட்டி வீசிவிட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் கொத்தவில்லை.

பத்து மணி வாக்கில் நம்ம ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். தூண்டிலில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. எங்கே நிற்பது என்று விழித்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"புதுசா தம்பி? இந்த ஏரில எப்பவுமே காத்து அடிக்கிற கரைதான். தீனியெல்லாம் அங்கதான் ஒதுங்கும். மாவு பச்சை. வேற கலரு இங்க செல்லாது."

எப்பவுமே! ஏரியைப் பார்த்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பையன்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். அடுத்து ஒரு பிலிப்பினோ குடும்பம். அவர்களுக்குக் குதிரைக் கதையும் சேர்த்துக் கிடைத்தது. பிறகு தனியாக வந்த ஒரு பெண்மணி. அவருக்கு முடிச்சே போட்டுக் கொடுத்தார். அண்ணாச்சியின் வாளி காலியாக இருக்க இருக்க, ஞானம் பெருக்கெடுத்து ஓடியது. நான் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பங்குச்சந்தையிலும் இருக்கிறார்கள்.

பன்னிரண்டரைக்குக் கம்பின் நுனி இரண்டு தரம் தலையசைத்தது. மீன் வெள்ளியாகத் துள்ளி வந்தது, பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோடு. பத்து நிமிடத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது. கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விட்டார்.

அதோடு பேச்சு நின்றுபோயிற்று. அரைமணி நேரம் அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. நான் என்னமோ கேட்டேன், "உஸ்" என்றார்.

புதிதாக வந்த ஒருவர் பக்கத்தில் நின்று எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அண்ணாச்சி மெல்ல இரண்டு அடி நகர்ந்து, கயிற்றுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"ஸ்லோ."

வந்தவர் போனதும் நம்ம பையன்களில் ஒருவன் என் காதருகே, "ஏன் சார், மூணு பிடிச்சாரே?" என்றான். நான் என்ன சொல்ல?

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். மீன் கிடைத்ததா, மசாலா அரைக்கட்டுமா என்று மதினி கேட்பது எனக்கே கேட்டது. வாய்ப் பழக்கம்.

"ரொம்ப ஸ்லோ" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கத்திரிக்காய் சாம்பார் இறக்கியாகிவிட்டது.