பாட்டு ஓசி, படகுக்கு வாடகை

மெக்ஸிகோவுக்கு வேலைக்குப் போகும் தமிழனுக்கு ஸ்பானிஷ் நாக்கில் புரள ஒரு வருஷமாவது ஆகும். ஐந்தாம் வாய்ப்பாடு மட்டும் விமானம் இறங்கிய அன்றே வந்துவிடும். நாங்கள் இருந்தபோது ஒரு பெசோ நம் காசில் நாலரை ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. செலவு செய்யும்போது ஐந்தால் பெருக்கி வயிறெரிவோம். ஊருக்குப் பணம் அனுப்பும்போது நாலரைதான் கிடைத்தது என்று அதற்கும் தனியாக எரிவோம்.

நாங்கள் குடியிருந்தது கெரெத்தாரோவில். மெக்ஸிகோ நகரத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கே 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் நீர்ப்பாலம் ஒன்று 74 வளைவுகளோடு ஊருக்குக் குறுக்கே நிற்கிறது. பார்க்கக் காசு கேட்பதில்லை. எனவே விருந்தாளி யார் வந்தாலும் முதல் நாள் அதைக் காட்டுவோம். இரண்டாம் நாளும் அதையே காட்டுவோம், இரவு விளக்கு வெளிச்சத்தில்.

ஊர் சுற்றும் கூட்டத்தில் ஐந்து பேர். அக்கா மயிலாடுதுறை, சுத்த சைவம். மதுரை அண்ணனுக்கு உலகில் எது இல்லாவிட்டாலும் சோறு வேண்டும். மாப்பிள்ளை என்பவன் எங்களில் இளையவன். ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் அந்தப் பட்டம், மற்றபடி எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன். அப்புறம் பொருளாளர். பாளையங்கோட்டைக்காரர். பொதுப்பணம் அவரிடம்தான். செலவைப் பங்கு பிரிக்க இத்தனை செயலிகள் இருந்தும் கோடு போட்ட நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால்தான் எழுதுவார். கைபேசியில் இருந்தால் நாங்கள் திருத்திவிடுவோமாம். கடைசி ஆள் நான், தணிக்கை அதிகாரி; அதிகாரம் எதுவும் கிடையாது.

எங்கள் சுற்றுலாவுக்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு சட்டம். மெக்ஸிகோவில் தொல்லியல் துறையின் கையில் இருக்கும் பிரமிடுகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டு மக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதே சலுகை. வாரத்தில் ஆறு நாள் நாங்கள் அந்நியர்கள், ஞாயிறன்று ஆஸ்டெக் மன்னன் மோக்தெசுமாவின் பங்காளிகள். வாசலில் காவலாளி அட்டையைப் பார்த்துத் தலையாட்டும்போது பொருளாளர் முகத்தில் வரும் களையை, அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

மெக்ஸிகோ நகர மெட்ரோ இன்னொரு வரப்பிரசாதம். கட்டணம் 5 பெசோ. 2013 டிசம்பரில் மூன்றிலிருந்து ஐந்தாக ஏற்றியதோடு சரி. வெளியே வராத வரைக்கும் எத்தனை ரயில் மாறினாலும் அதே ஐந்துதான். வடக்குப் பேருந்து நிலையத்தில் ஏறி அடுத்த நிறுத்தமான லா ராஸாவில் மாறினால், நீளமான நடைபாதை ஒன்று வரும். 1988இல் அதை அறிவியல் சுரங்கமாக மாற்றினார்கள். ஓரிடத்தில் விளக்கை அடக்கி, வளைந்த கூரை முழுக்க நட்சத்திரக் கூட்டங்களை ஒளிர விட்டிருக்கிறார்கள். வேலைக்கு ஓடுகிற சனம் அண்ணாந்து பார்ப்பதில்லை. நாங்கள் வழியை மறித்துக்கொண்டு நின்று சப்தரிஷி மண்டலம் எங்கே என்று தேடினோம். அப்புறம் பீனோ சுவாரெஸ் நிலையம். 1967இல் மெட்ரோவுக்காகத் தோண்டும்போது, காற்றுத் தெய்வம் எஹெகாட்டுக்கு ஆஸ்டெக்குகள் கட்டிய வட்டமான பலிபீடம் அகப்பட்டது. அதை அப்படியே விட்டு, சுற்றி நிலையத்தைக் கட்டிவிட்டார்கள். ரயில் மாறப் போகிற வழியில் கோயில்! அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொருளாளருக்கோ வேறு ஞானம் பிறந்தது.

“வெளிய வந்தாத்தானல செலவு? வானத்தைப் பாத்தாச்சு, கோயிலையும் கும்பிட்டாச்சு. இப்படியே திரும்பிருவமா?”

இந்த ஞாயிறு யோகத்தில் ஒரு ஓட்டை உண்டு. ஊரிலிருந்து பார்க்க வரும் பெற்றோரிடம் குடியிருப்பு அட்டை இருக்காது. அவர்கள் சீட்டு வாங்க வேண்டும். அக்காவின் அப்பா வந்திருந்தபோது சாப்புல்தெபெக்கில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனோம். அவருக்கு மட்டும் கட்டணம் என்று தெரிந்ததும், உலகத்துத் தமிழ் அப்பாக்கள் அத்தனை பேரும் சொல்வதையே அவரும் சொன்னார். “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. நான் இப்படி நிழல்ல உட்காந்திருக்கேன்.” எவ்வளவோ கெஞ்சினோம். அவர் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே 24 டன் எடையுள்ள சூரியக் கல்லைப் பார்த்தோம். இலவசம் என்பதால் ஒரு பெயர்ப்பலகையை விடக்கூடாது என்று பொருளாளர் உத்தரவு. மாயா பகுதிக்கு வரும்போது மதுரை அண்ணன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த மண்டையோட்டைப் பொறாமையோடு பார்த்தார்; அதுவாவது படுத்திருந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் காலைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தால், பெரியவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறார்.

அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே உயரக் கம்பம் நட்டு, பாப்பாந்தலா பறவை மனிதர்கள் ஆடுகிறார்கள். ஐந்து பேர் மேலே ஏறுவார்கள். ஒருவர் உச்சியில் உட்கார்ந்து குழல் ஊதிச் சின்னப் பறை தட்ட, மற்ற நால்வரும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து, தலைகீழாகச் சுற்றிச் சுற்றி இறங்குவார்கள். ஆளுக்கு 13 சுற்று, நாலு பேருக்கு 52. அவர்களுடைய பழைய பஞ்சாங்கத்தின் 52 வருஷச் சக்கரம் அது. 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பெரியவருக்கு யுனெஸ்கோவும் தெரியாது, பஞ்சாங்கக் கணக்கும் தெரியாது. எல்லா ஆட்டத்தையும் விடாமல் பார்த்திருக்கிறார். தொப்பியை நீட்டி வந்தவரிடம், கொண்டுவந்த பெசோவில் ஒரு நல்ல தொகையைப் போட்டும் இருக்கிறார். நுழைவுச் சீட்டைவிட அது அதிகம் என்று பொருளாளர் மெல்ல எடுத்துச் சொன்னார்.

“தலைகீழாத் தொங்குறவனுக்குக் குடுக்காம, உள்ள சும்மா கெடக்குற கல்லுக்கா தம்பி குடுக்கச் சொல்றீங்க?”

பொருளாளர் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு ஃபோண்டா என்கிற சின்ன மதியச் சாப்பாட்டுக் கடைகள்தான் எங்களுக்குக் கதி. ஒரே விலையில் சூப், அப்புறம் சோறு, அப்புறம் குழம்போடு கறி, கூடவே தொர்த்தியா ரொட்டி, குடிக்கச் செம்பருத்தித் தண்ணியோ புளித்தண்ணியோ. கேட்பதற்கு அமிர்தமாக இருக்கிறதல்லவா? சிக்கல் அந்த ‘அப்புறம்’ என்பதில் இருக்கிறது. அங்கே சோறு தனியாக வரும். தக்காளி போட்டுச் சிவக்க வடித்த சோறு, வெறும் சோறு, ஒரு தட்டில். அதை முடித்தால்தான் அடுத்த தட்டு. மதுரை அண்ணன் முதல் தடவை குழம்புக்காகச் சோற்றின் முன்னால் கைகட்டிக் காத்திருந்தார். கடைக்கார அம்மா இவர் குழம்புக்காகக் காத்திருக்கிறார் என்று அறியாமல், இவர் சோற்றை முடிக்கட்டும் என்று அடுப்படியில் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இவருக்குச் சோறு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு அம்மா தட்டை எடுக்க வந்தார். அண்ணன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு பெரிய நாகரிகங்கள் ஒரு தட்டின் இரண்டு விளிம்பைப் பிடித்து இழுத்ததை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

அக்காவின் கதை இன்னும் மோசம். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும்; அது அங்கே இறைச்சிக் கணக்கில் சேராது. கோழியும் வேண்டாம் என்றால் பீன்ஸ் வரும், அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கும். கடைசியில் பூசணிப்பூவும் சப்பாத்துக்கள்ளியும்தான் அவரைக் காப்பாற்றின. முள் சீவிச் சுட்ட கள்ளிக்கு எலுமிச்சை பிழிந்தால் வெண்டைக்காய் மாதிரிக் கொழகொழவென்று நன்றாகவே இருக்கிறது.

காசு கொடுத்து உயரத்தில் ஏறுவது எங்கள் வழக்கமில்லை. மெக்ஸிகோ நகர மையத்தில் உள்ள பெய்யாஸ் ஆர்தெஸ் என்ற பளிங்குக் கலைமாளிகை 1904இல் தொடங்கி 1934இல்தான் முடிந்தது. அதை மேலிருந்து பார்க்க, பக்கத்துக் கோபுரத்துக்குக் கட்டணம் கட்டி ஏறுவார்கள் விவரம் தெரியாதவர்கள். எதிரே இருக்கிற பெரிய கடையின் எட்டாம் மாடியில் காபி வாங்கினால் அதே மாளிகை மஞ்சளும் ஆரஞ்சுமான கூரையோடு காலடியில் கிடக்கும். ஐந்து பேருக்கு இரண்டு காபி சொன்னோம். பரிமாறுபவர் கேள்வி கேட்காமல் ஐந்து கரண்டி கொண்டுவந்து வைத்தார். ஏரியைத் தூர்த்துக் கட்டிய நகரத்தில் இந்த மாளிகை கட்டின நாளிலிருந்தே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று மாப்பிள்ளை படித்துச் சொன்னான். “இறங்கட்டும்ல. எட்டாம் மாடிக்கு இன்னும் நல்லாத் தெரியும்” என்றார் பொருளாளர்.

தெயோதிவாகான் பிரமிடுகளைப் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். சூரியப் பிரமிடு 65 மீட்டர் உயரம். பெருந்தொற்றுக் காலத்தில் ஏறத் தடை போட்டதிலிருந்து அதில் ஏற விடுவதில்லை. மதுரை அண்ணன் கீழே நின்று அந்தத் தடையை மனதார வரவேற்றார். சிறுத்தை மாதிரி உறுமும் களிமண் ஊதலை விற்பவர்கள் சத்தம் போடாமல் பின்னால் வந்து நின்று காதருகே ஊதுவார்கள். அக்கா துள்ளியதில் அவர் குடை உடைந்தது. அன்றைய செலவில் அதுவே பெரிய தொகை.

சோச்சிமில்கோவைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மெட்ரோ 2ஆம் பாதையின் தென்கோடியான டாஸ்கேஞ்ஞாவில் இறங்கி, 3 பெசோ இலகு ரயிலில் ஏறினால் போய்ச் சேரலாம். ஆஸ்டெக் காலத்திலிருந்து தண்ணீரில் திட்டுப் போட்டு விவசாயம் செய்கிற இடம். அந்தத் திட்டுகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்களில், மஞ்சளும் சிவப்பும் பூசி, நெற்றியில் பெண்பெயர் எழுதின தட்டைப் படகுகளை நீளக் கழியால் தள்ளிப் போவார்கள். கட்டணம் படகுக்கு, மணிக்கணக்கில், ஆளுக்கு அல்ல. பெரிய குடும்பம் தாராளமாக உட்காருகிற படகில் ஐந்து பேர் மட்டும் போவது பொருளாளருக்குப் பொறுக்கவில்லை. துறையில் நின்று யாராவது பங்குக்கு வருவார்களா என்று அழைத்துப் பார்த்தார். தமிழில்.

கிளம்பினோம். வழியில் ஓரிடத்தில் ஆஹோலோத்தே காட்டுகிறோம் என்று கூப்பிட்டார்கள். அந்தக் கால்வாய்களைச் சொந்த ஊராகக் கொண்ட, இளஞ்சிவப்புச் செவுளோடு எப்போதும் சிரிக்கிற மூஞ்சியுள்ள நீர்ப்பிராணி. பார்க்கத் தனிக் காசு. மாப்பிள்ளை ஆசையாக எழுந்தான். பொருளாளர் பையைத் திறந்து 50 பெசோ நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். காசு கொடுக்கத்தான் போகிறார் என்று நம்பிவிட்டோம். “இந்தா, பாத்துக்க” என்றார். 2021இல் வந்த அந்த நோட்டில் ஆஹோலோத்தே படம்தான் போட்டிருக்கிறது. அழகான நோட்டு, நாடே அதைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கிறது. அவரும் பையின் உள்ளறையில் ஒரு கட்டு சேர்த்திருந்தார்.

மரியாச்சி என்கிற பாட்டுக் கூட்டத்தின் படகு பக்கத்தில் வந்தது. பாட்டுக்கு இவ்வளவு என்றார்கள். ஐந்தால் பெருக்கினோம். அமைதி நிலவியது. அவர்கள் எங்களைத் தாண்டிப் போய் அடுத்த படகை அணைத்தார்கள். அங்கே ஒரு பாட்டிக்குப் பிறந்தநாள். பேரன் பேத்தி எல்லாம் சேர்ந்து இருபது பேராவது இருக்கும். எக்காளம் முழங்கியது. பொருளாளர் படகோட்டியிடம் சைகை காட்டினார்: அந்தப் படகை விடாதே, ஒட்டியே போ.

அவர் ஒட்டியே போனார். இசை முழுக்க எங்களுக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாட்டி எங்களைக் கண்டுவிட்டார். ஐந்து அந்நியர்கள் பாட்டுக்கு இலவசமாகத் தலையாட்டுவதைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை, பசியோடு இருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. படகுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டச் சொன்னார். தட்டுகள் இந்தப் பக்கம் வந்தன. அண்ணன் தட்டில் சோறு. அதே தட்டில், அதே நேரத்தில், மிளகாயும் சாக்லேட்டும் அரைத்துவிட்ட கறுத்த மோலே குழம்பு. அண்ணன் எதுவும் பேசவில்லை. பிசைய ஆரம்பித்தார். அக்காவுக்கு கேக் கிடைத்தது. மாப்பிள்ளையை ஒரு அத்தை ஆட இழுத்துப்போனார். உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று பாட்டி கேட்க, பொருளாளர் எழுந்து அடித்தொண்டையில் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். மரியாச்சிகள் சுதியைப் பிடித்துக் கித்தாரில் பின்னாலேயே ஓடினார்கள். எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

துறைக்குத் திரும்பியபோது படகோட்டி சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குப் பேசின படகு, மூன்று மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

பொருளாளர் கரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். கேட்ட பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து எழுதி, மரியாச்சி விலையால் பெருக்கி, கூடுதல் வாடகையை அதில் கழித்து, நமக்கு லாபம்தான் என்று அறிவித்தார். தான் பாடியதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார். தணிக்கையில் நான் ஆட்சேபித்தேன், எடுபடவில்லை. ஆனால் பையில் பணம் பற்றவில்லை. உள்ளறையைத் திறந்து, ஆஹோலோத்தே நோட்டுகளை ஒன்றொன்றாக எண்ணி வைத்தார். படகோட்டி முகம் மலர்ந்துபோய் ஸ்பானிஷில் ஏதோ சொன்னார்.

“என்னங்காரு?”

“அவரும் இந்த நோட்டைச் சேக்கிறாராம்ணே.”

“சேக்கிறவன்கிட்ட மத்த நோட்டு இருக்கும்லா? நாளைக்கு வந்து வேற நோட்டாத் தாரேன், இதை எடுத்து வைக்கச் சொல்லு. செலவழிச்சிரக் கூடாதுன்னு சொல்லு.”

மாப்பிள்ளை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.